பிக்கப் டிரக்குக்கு எந்த ஸ்பார்க் பிளக்? மைலேஜும் இழுவையும்

கேள்வி இது: 2005ஆம் ஆண்டு செவ்ரோலெட் சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின். 1,20,000 மைல் ஓடிய வண்டியைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். முந்தைய உரிமையாளர் பிளக் மாற்றினாரா என்று தெரியவில்லை. உதிரிபாகக் கடையில் காப்பர், பிளாட்டினம், இரிடியம், நான்கு கால் பிளக் என்று வரிசையாக எடுத்து வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புகழுரை சொன்னார்கள். மைலேஜ் உயர வேண்டும், மாதம் ஒருமுறை படகு டிரெய்லர் இழுக்கும்போது திணறவும் கூடாது. எதை வாங்குவது?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் போட்டு வந்த வகையையே வாங்குங்கள். உங்கள் எஞ்சினுக்கு அது ஏசி டெல்கோ 41-110, இரிடியம் முனை. அது கிடைக்காவிட்டால் என்ஜிகே டிஆர்55ஐஎக்ஸ் போடலாம். பொறி பாயும் இரு முனைகளுக்கு நடுவே இடைவெளி 0.040 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டரும் ஒரு சொட்டும். மைலேஜுக்காக ஒரு நல்ல பிளக்கை விட்டு இன்னொரு நல்ல பிளக்குக்கு மாறுவதில் ஒரு லாபமும் இல்லை. தேய்ந்த பிளக் மைலேஜைத் தின்னும். புதிய பிளக் எந்த வகையானாலும் அப்படித் தின்னப்பட்டதைத் திருப்பித் தரும். அதற்கு மேல் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. ஏன் என்பதுதான் இனி வரும் நீண்ட பகுதி. அவசரக்காரர்கள் இத்துடன் கடைக்குக் கிளம்பலாம்.

நம் ஊரில் லாரி என்றால் டீசல். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்திய சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும். அதிலிருக்கும் குளோ பிளக் குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சூடேற்றி மட்டுமே. அமெரிக்காவில் டிரக் என்று சொல்லும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடுபவை. அதனால்தான் அங்கே இந்தக் கேள்வி ஓயாமல் எழுகிறது. எட்டு சிலிண்டர், காலனுக்கு 15 மைல் என்று குடிக்கும் வண்டியை வைத்திருப்பவருக்குச் சில டாலரில் மைலேஜ் கூடும் என்று யார் சொன்னாலும் காது நீளத்தான் செய்யும்.

பிளக்கின் வேலை என்ன? பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்பட்ட கலவையின் நடுவே, பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தை ஒரு சிறு இடைவெளியில் பாயவிட்டு, கடுகளவு தீக்கரு ஒன்றை உண்டாக்குவது. அந்தப் பொறியின் ஆற்றல் சில பத்து மில்லிஜூல். உங்கள் எஞ்சினின் ஒரு சிலிண்டரில், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபோது ஒருமுறை எரியும் பெட்ரோலின் ஆற்றலோ 2,000 ஜூலுக்கு மேல். அதாவது பொறியின் பங்கு பல்லாயிரத்தில் ஒன்று. தீக்கரு பிடித்துவிட்டால் பிறகு சுடர் தானே பரவும். அதன் வேகத்தைக் கலவையின் சுழற்சி, அழுத்தம், எரியறையின் வடிவம் ஆகியவை தீர்மானிக்கின்றன. எந்தத் தீக்குச்சியால் பற்றவைத்தாலும் அடுப்பு ஒரே சூட்டில்தான் எரியும். குச்சி நமுத்துப்போயிருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அடுத்த கணக்கு இதைவிட முக்கியம். நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் எஞ்சினில், உள்ளே போகும் எரிபொருளில் நூற்றுக்கு 97, 98 பங்கு ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே, மேல் ரிங்குக்குச் சற்று மேலே உள்ள குறுகிய இடுக்குகளில் ஒளிந்துகொள்கிறது. அங்கே சுடர் நுழையவே முடியாது. அந்த இடுக்கு எந்தப் பிளக்குக்கும் எட்டாத இடம். ஆக, ‘முழுமையாக எரிப்பதால் மைலேஜ் கூடும்’ என்ற விளம்பர வாசகத்துக்கு மிச்சமிருப்பதே இரண்டு மூன்று சதவீதம், அதையும் பிளக்கால் தொட முடியாது. பெட்ரோலின் ஆற்றலில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. நட்டம் அங்கே இருக்கிறது. ஆனால் அந்த நட்டத்தை மறிக்கும் பொருளைக் கடை அலமாரியில் தொங்கவிட்டு விற்க முடியாதே!

இதெல்லாம் உண்மையானால் இரிடியம் என்பதே ஏமாற்றா என்றால், இல்லை. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவை வேறு காரணங்கள், அவ்வளவுதான்.

‘காப்பர் பிளக்’ என்று கடையில் சொல்வது பாதி உண்மை. இன்று விற்கும் ஏறக்குறைய எல்லாப் பிளக்குகளிலும் நடுமுனையின் உள்ளே வெப்பத்தைக் கடத்துவதற்குச் செம்புத் தண்டு இருக்கிறது, இரிடியம் பிளக்கிலும்கூட. பொறி பாயும் நுனிதான் வேறுபடுகிறது. காப்பர் பிளக்கில் அந்த நுனி நிக்கல் கலவை. செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், பொறி முனையாக அது நிலைக்காது. நிக்கலின் உருகுநிலை 1,455, பிளாட்டினத்துக்கு 1,768, இரிடியத்துக்கு 2,446. உருகுநிலை கூடக் கூடப் பொறி அரிக்கும் வேகம் குறைகிறது. ஆகவே முனையை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. நிக்கல் பிளக்கின் நடுமுனை 2.5 மில்லிமீட்டர் தடிமன். என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸில் அது 0.6, டென்சோ இரிடியம் பவரில் 0.4 மில்லிமீட்டர்.

மெல்லிய முனைக்கு இரண்டு நன்மைகள். கூரான இடத்தில் மின்புலம் குவியும், அதனால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி பாயும், அந்த வோல்ட்டை உண்டாக்கித் தரும் காயிலுக்குச் சுமை குறையும். இரண்டாவது, புதிதாகப் பிறந்த தீக்கருவின் வெப்பத்தைத் தடித்த உலோகம் உறிஞ்சி அணைத்துவிடப் பார்க்கும், மெல்லிய முனை அவ்வளவு உறிஞ்சாது. இந்த இரண்டும் வெளிப்படுவது குளிர்காலத்தில் ஸ்டார்ட் செய்யும்போதும், ஐடிலில் நிற்கும்போதும், பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்த வேளைகளிலும்தான். நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைலில் சூடான எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஒழுங்கான நிக்கல் பிளக்கும் ஒவ்வொரு முறையும் பற்றவைத்துவிடுகிறது, இரிடியமும் பற்றவைத்துவிடுகிறது. பற்றியதற்கு மேல் பற்றுவது என்று ஒன்றில்லை.

இரிடியத்தின் உண்மையான விலைமதிப்பு ஆயுளில் இருக்கிறது. நிக்கல் பிளக் ஏறத்தாழ 30,000 மைல், நல்ல இரட்டைப் பிளாட்டினமும் இரட்டை முனை இரிடியமும் 1,00,000 மைல் வரை. ‘இரட்டை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நடுமுனையில் மட்டும் இரிடியம் வைத்து, எதிரே வளைந்து நிற்கும் பக்கமுனையை நிக்கலாக விட்ட பிளக்குகளும் அதே இரிடியம் என்ற பெயரில் விற்கின்றன. மேலே நான் சொன்ன ஐஎக்ஸ், இரிடியம் பவர் இரண்டும் அந்த இனம். அவற்றில் பக்கமுனை முதலில் தேயும், 1,00,000 மைல் வராது. தொழிற்சாலைப் பிளக் கிடைத்தால் அதற்கே முதலிடம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். டென்சோவில் இரிடியம் டிடி வகை இரு பக்கமும் மெல்லிய முனை கொண்டது, நீண்ட நாள் வருவது.

பந்தயக்காரர்கள் ஏன் காப்பர் போடுகிறார்கள் என்று ஒருவராவது கேட்பார். அவர்கள் அடிக்கடி கழற்றிப் பார்க்கிறவர்கள், மாற்றுகிறவர்கள், அவர்களுக்கு ஆயுள் பொருட்டல்ல. விலை குறைவு, வேண்டிய வெப்ப எண்ணெல்லாம் (அது என்ன என்பது பின்னால்) கிடைக்கிறது. இதை வைத்துக் காப்பரில் கூடுதல் குதிரைத்திறன் இருக்கிறது என்று முடிவு கட்டுவது தவறு. ராம் பிக்கப்பின் ஆரம்பகால 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் 16 நிக்கல் பிளக்குகள், 30,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தொழிற்சாலையே சொன்னது. அந்த வண்டிக்காரர் மலிவான பிளக் போட்டு ஒழுங்காக மாற்றிவந்தால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. 16 பிளக் மாற்றும் அலுப்பு மட்டும் உண்டு.

நான்கு கால் பிளக் விவகாரத்துக்கு வருகிறேன், கடைக்காரர்கள் அதிகம் விற்க ஆசைப்படுவது இதைத்தான். பாஷ் பிளாட்டினம் +4 போன்றவற்றில் பக்கமுனைகள் நான்கு. நான்கு பொறிகள் ஒரே நேரத்தில் பாயும் என்று பலர் நம்புகிறார்கள். பாய்வது ஒன்றே. அந்த நொடியில் எந்த வழி எளிதோ அந்த வழியைப் பொறி பிடித்துக்கொள்ளும், மற்ற மூன்றும் சும்மா நிற்கும். பல பக்கமுனைகளுக்கு உண்மையான பயன் தேய்மானத்தைப் பங்கிட்டுக்கொள்வது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1995 முதல் 2004 வரை டொயோட்டா டக்கோமாவில் வந்த 3.4 லிட்டர் வி6. அதில் ஒரு காயில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே நேரத்தில் பொறி கொடுக்கிறது. ஒன்றில் பொறி வேலை செய்யும், மற்றதில் வெளியேறும் புகையில் வீணாகும். இந்த ஏற்பாட்டில் பாதிப் பிளக்குகளில் மின்சாரம் தலைகீழாக, பக்கமுனையிலிருந்து நடுமுனைக்குப் பாய்கிறது, ஆகவே பக்கமுனை வேகமாகத் தேய்கிறது. டொயோட்டா அதற்கு இரண்டு பக்கமுனை உள்ள சாதாரண நிக்கல் பிளக்கைப் போட்டது. டக்கோமாக்காரர்கள் இரிடியம் போட்டுப் பார்த்துவிட்டுப் பழைய இரட்டைக் காலுக்கே திரும்பிய கதைகள் நிறைய உண்டு. ஃபோர்டு ரேஞ்சர் 4.0 வி6 போன்று ஒரே காயில் பொதியிலிருந்து கம்பி வழியாக இரண்டிரண்டாகப் பொறி கொடுக்கும் எஞ்சின்களுக்கும் இதே விதிதான், அங்கே ஒரு பக்கம் மட்டும் பிளாட்டினம் வைத்த பிளக் தப்பு, இரண்டு பக்கமும் வேண்டும். உங்கள் சில்வராடோவில் சிலிண்டருக்கு ஒரு காயில் என்று எட்டு காயில்கள் இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை.

பக்கமுனையை வெட்டி, பிளந்து, வளைத்து அதிசயம் செய்வதாகச் சொன்னவர்களில் முதலிடம் ஸ்ப்ளிட்ஃபயருக்கு. பக்கமுனை நுனியில் ஆங்கில ‘வி’ எழுத்துப் போல ஒரு பிளவு. 1990களில் அமெரிக்கா முழுக்க அதன் விளம்பரம். எரிபொருள் மிச்சம், குதிரைத்திறன், குறைந்த புகை என்று சொன்னவற்றுக்குச் சான்று இல்லை என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 1997இல் அந்த நிறுவனத்துடன் ஒரு உடன்படிக்கைக்கு வந்தது. சான்றில்லாமல் அப்படி இனி விளம்பரம் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். பிளக்குக்கு வெளியேயும் கதை இதேதான். மைலேஜைக் கூட்டும் என்று விற்கப்பட்ட 100க்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடும்படி மைலேஜைக் கூட்டியதாக ஒன்றுகூடத் தேறவில்லை என்பது அவர்கள் முடிவு.

பிராண்டுச் சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஆனாலும் ஏசி பிளக்கா சாம்பியன் பிளக்கா என்று வாதாடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: இரண்டும் ஒரே மனிதரின் பெயர். 1899இல் பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தை வென்ற ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவுக்கு வந்து பாஸ்டனில் பிளக் தொழில் தொடங்கினார். பங்காளிகளோடு பிணக்கு வந்தது. பெயர் அவர்களிடம் தங்கிவிட, அவர் மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட் நகருக்குப் போய் 1908இல் மறுபடி தொடங்கினார். பின்னால் தன் பெயரின் முதலெழுத்துகளையே பிளக்குக்குச் சூட்டிக்கொண்டார், அதுதான் ஏசி. இன்று என்ஜிகே, டென்சோ, பாஷ், ஏசி டெல்கோ, மோட்டார்கிராஃப்ட் எதுவும் மட்டமில்லை. மட்டமானது போலி. இணையக் கடைகளில் என்ஜிகே பெட்டியில் போலிகள் உலவுகின்றன, அந்த நிறுவனமே எச்சரிக்கிறது. வழக்கத்தைவிட வெகு மலிவாகக் கிடைக்கும் இரிடியத்தைத் தொடாதீர்கள்.

வெப்ப எண் என்று ஒன்றிருக்கிறது. மைலேஜ் பேச்சில் இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் எஞ்சினைக் கெடுக்கக்கூடியது இதுதான். பிளக்கின் பீங்கான் மூக்கு சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850 டிகிரியைத் தாண்டிப் போனால் ஆபத்து, பொறி வருவதற்கு முன்பே சூட்டில் கலவை பற்றிக்கொண்டு பிஸ்டன் ஓட்டையாகும். பீங்கான் நீளமாக இருந்தால் வெப்பம் மெல்ல இறங்கும், அது சூடான பிளக். குட்டையாக இருந்தால் வேகமாக இறங்கும், அது குளிர்ந்த பிளக். இதை எண்ணால் குறிக்கிறார்கள், அதிலும் ஒரு குழப்பம். என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் குளிர்ச்சி. பாஷ், சாம்பியனில் எண் கூடினால் சூடு. ஒரு பிராண்டின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கு அட்டவணை பார்க்காமல் இறங்கக் கூடாது.

படகு இழுப்பதால் ஒரு படி குளிர்ந்த பிளக் போடு என்று யாராவது சொல்லலாம். உங்கள் எஞ்சினுக்கு அது என்ஜிகே டிஆர்6. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் பொருத்தியவர்கள் போடுவது. மாதம் ஒருமுறை படகு இழுப்பதற்கு அது தேவையில்லை. தொழிற்சாலை வெப்ப எண்ணை வகுத்தபோது டிரெய்லர் சுமையையும் கணக்கில் கொண்டுதான் வகுத்தது. குளிர்ந்த பிளக் போட்டுவிட்டு மற்ற நாட்களில் கடைக்கும் அலுவலகத்துக்கும் குறுகிய தூரம் ஓட்டினால் கரி படிந்து, நீங்கள் காக்க நினைத்த மைலேஜையே இழப்பீர்கள்.

இழுவையைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் பிளக்குக்கும் உள்ள தொடர்பு இடைவெளியில் இருக்கிறது. சிலிண்டரில் அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியில் பொறி பாயக் கூடுதல் வோல்ட் வேண்டும். சமதளத்தில் காலி வண்டி போகும்போது அழுத்தம் குறைவு. படகோடு மேட்டில் ஏறி, ஆக்சிலரேட்டரை ஆழ மிதிக்கும்போது அழுத்தம் உச்சம். தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகன்றிருக்கும், முனையின் கூர் மழுங்கியிருக்கும், இரண்டும் தேவைப்படும் வோல்ட்டை ஏற்றும். காயிலால் கொடுக்க முடிந்ததைத் தேவை தாண்டும் கணத்தில் பொறி இல்லை. அல்லது பொறி பிளக்கை விட்டு, ரப்பர் உறையின் வெடிப்பு வழியாக வெளியே ஹெட்டுக்கு, அதாவது பிளக் திருகியிருக்கும் சிலிண்டர் மேல்மூடிக்கு, தாவிவிடும். அப்போதுதான் வண்டி ‘உதறுகிறது’ என்று சொல்கிறோம். ஊருக்குள் ஒரு குறையும் தெரியாத வண்டி மேட்டில் மட்டும் உதறினால் முதல் சந்தேகம் பிளக்கும் அதன் கம்பியும்தான். இங்கே புதிய பிளக் இழுவையை நிச்சயம் திருப்பித் தரும், நாடகத்தனமாகவே தரும். அந்த அனுபவத்தைத்தான் பலரும் ‘இன்ன பிராண்டு போட்டேன், பறக்கிறது’ என்று எழுதுகிறார்கள். பறக்கவைத்தது பிராண்டு அல்ல, புதுமை.

இடைவெளியில் உங்கள் எஞ்சினுக்கென ஒரு சிறு வரலாறும் உண்டு. இந்தக் குடும்பத்து 5.3 எஞ்சின்களுக்கு ஆரம்பத்தில் 0.060 அங்குலம் என்று இருந்தது, பின்னர் ஜெனரல் மோட்டார்ஸே அதை 0.040 ஆகக் குறைத்தது. பழைய கையேட்டையும் பழைய ஸ்டிக்கரையும் பார்த்து 0.060 வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அகன்ற இடைவெளியில் பொறி நீளம், தீக்கரு பெரிது, ஐடில் மென்மை என்பது உண்மையே. ஆனால் பிளக் தேய்ந்து அது மேலும் அகலும்போது காயில் திணறும். டர்போ வண்டிகளில் இது இன்னும் கடுமை. ஃபோர்டு எஃப்-150இல் வரும் 3.5 ஈகோபூஸ்ட் எஞ்சினுக்கு இடைவெளி சுமார் 0.8 மில்லிமீட்டர்தான், அதிலும் எஞ்சின் கணினியை மாற்றி பூஸ்ட் ஏற்றியவர்கள் இன்னும் குறைக்கிறார்கள்.

மைலேஜ் கணக்குக்கு வருவோம். ஆண்டுக்கு 12,000 மைல், காலனுக்கு 15 மைல் என்றால் 800 காலன் பெட்ரோல். பிளக்கால் ஒரு சதவீதம் மிச்சம் என்றே வைத்துக்கொண்டாலும் 8 காலன். காலன் 3 டாலர் என்றால் 24 டாலர். அந்த ஒரு சதவீதத்தை உங்களால் அளக்கவே முடியாது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோலில், கலக்காததைவிட மைலேஜ் 3 சதவீதம் அளவுக்குக் குறையும். பனிக்குளிரில் ஊருக்குள் ஓட்டினால், கோடையோடு ஒப்பிட 15 சதவீதம் வரை குறையும். எதிர்க்காற்று, டயர் காற்று, பம்பில் நாசில் எப்போது தானாக நின்றது என்பவையெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் ஆட்டும். ஒரு டேங்க் பெட்ரோலை வைத்துப் பிளக்கை எடைபோட்டு, ‘எனக்கு இரண்டு மைல் கூடியது’ என்று எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை, அளவுகோல்தான் பொய் சொல்லியது. போதாக்குறைக்கு, அவர் ஒப்பிடுவது 1,00,000 மைல் ஓடிய கிழப் பிளக்கோடு. அதே நாளில் காற்று வடிகட்டியையும் மாற்றியிருப்பார். பேட்டரிக் கம்பியைக் கழற்றியதில் எஞ்சின் கணினி பழைய பாடத்தை மறந்து புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும்.

மறுபக்கம், கெட்ட பிளக் எவ்வளவு தின்னும்? எட்டு சிலிண்டரில் ஒன்று பற்றாமல் விட்டால், அதன் பெட்ரோல் அப்படியே புகைபோக்கிக்குப் போகிறது. அதோடு எரியாத காற்றிலுள்ள ஆக்சிஜனும் போகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துக் கலவை மெலிந்துவிட்டது என்று தவறாக நினைத்து, அந்தப் பக்கத்துச் சிலிண்டர்கள் எல்லாவற்றுக்கும் பெட்ரோலைக் கூட்டச் சொல்கிறது. ஒரு சிலிண்டரின் குற்றத்துக்கு மற்றவையும் சேர்ந்து குடிக்கின்றன. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கும், பிளக் எட்டும் வாங்கும் காசைப் போலப் பல மடங்கு செலவு அது. எஞ்சின் விளக்கு மின்னினால், அதாவது நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடு பி0300 என்றால் பொதுவாகப் பொறி தவறுகிறது, பி0301 முதல் பி0308 வரை என்றால் எந்தச் சிலிண்டர் என்பதைக் கடைசி எண்ணே சொல்லிவிடும்.

நல்ல ட்யூனில் இல்லாத வண்டியைச் சரிசெய்தால் சராசரியாக 4 சதவீதம் மைலேஜ் கூடும் என்றும், செத்துப்போன ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் 40 சதவீதம் வரைகூடப் போகலாம் என்றும் அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி சொல்கிறது. உங்கள் வண்டிக்கு 1,20,000 மைல். எனக்கு ஐயம் பிளக்கைவிட அந்தச் சென்சார்களின் மீதுதான். மலிவான ஸ்கேனர் ஒன்றைச் செருகி, நீண்டகால எரிபொருள் திருத்த எண்ணை, அதாவது எஞ்சின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஈடுகட்டுகிறது என்பதை, பாருங்கள். கூட்டலிலோ கழித்தலிலோ பத்துக்கு மேல் நின்றால் பிளக் வாங்குவதற்கு முன் அதைத் தேடுங்கள்.

மாற்றும் வேலையில் சில எச்சரிக்கைகள். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், ஹெட் அலுமினியம், சூட்டில் மரை பிய்ந்து வரும். பிளக்கைச் சுற்றிய மண்ணைக் காற்றடித்து ஊதிவிட்டுக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். ரப்பர் உறையைத் திருகித் தளர்த்திய பிறகு இழுங்கள், கம்பியைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். புதிய பிளக்கை முதல் சில சுற்றுகள் கையாலேயே ஏற்ற வேண்டும், சிறு ரப்பர்க் குழாயைப் பிளக்கின் தலையில் செருகிச் சுழற்றினால் கோணலாக மரை ஏற வாய்ப்பில்லை. உங்கள் எஞ்சினின் பிளக் வாஷர் இல்லாத கூம்பு அமர்வு வகை, அதற்கு 15 நியூட்டன் மீட்டர் போதும். கைக்கு அது மிகக் குறைவாகத் தோன்றும், தோன்றட்டும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் சொல்வதைக் கேளுங்கள். மரையில் கிரீஸ் போன்ற பசையைத் தடவ வேண்டாம் என்று என்ஜிகே சொல்கிறது, பிளக்கின் மேல் பூச்சே அந்த வேலையைச் செய்கிறது, பசை தடவினால் வழுக்கி அளவுக்கு மேல் இறுகிவிடும். இரிடியம் பிளக்கின் இடைவெளியை நாணயம் போன்ற வட்ட அளவியால் நெம்பினால் மெல்லிய நுனி முறிந்துபோகும். கம்பி அளவியால் அளந்து, தேவையானால் பக்கமுனையை மட்டும் வளையுங்கள்.

இதைப் படிப்பவர்களில் 2004 முதல் 2008 வரையிலான ஃபோர்டு எஃப்-150, 5.4 லிட்டர் மூன்று வால்வு எஞ்சின் வைத்திருப்பவர்கள் இருந்தால், மேலே சொன்னதை நம்பி இறங்கிவிடாதீர்கள். அதில் பிளக்கின் கீழ்ப்பகுதி இரண்டு துண்டாகச் செய்து இணைக்கப்பட்ட நீண்ட குழல். கரி பிடித்து ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும், கழற்றும்போது பாதி உள்ளேயே முறிந்து நிற்கும். ஃபோர்டே தனிச் செயல்முறை வெளியிட வேண்டிவந்தது: கொஞ்சம் தளர்த்தி, கரி கரைக்கும் திரவம் ஊற்றி ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்லத் திருகி எடுப்பது. முறிந்ததை எடுக்கவென்றே தனிக் கருவிகள் விற்கின்றன. பழையவை பிழைத்து வந்தால், மாற்றாகச் சாம்பியன் செய்யும் ஒரே துண்டுப் பிளக்கைப் போடுவது புத்திசாலித்தனம். அந்த வண்டியில் பிளக் எந்த உலோகம் என்பதைவிட, உருவம் எப்படி என்பதுதான் பெரிய கேள்வி.

கழற்றிய எட்டையும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். புதிய பிளக்கைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைவிட அதிகம் பழைய பிளக் சொல்லும். பீங்கான் வெளிர் பழுப்போ சாம்பலோ என்றால் நலம். எட்டும் காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் மிஞ்சிக் கலவை தடித்திருக்கிறது, சென்சாரைப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் எண்ணெய்ப் பிசுக்கென்றால் அந்தச் சிலிண்டரின் வால்வு சீலோ ரிங்கோ போயிருக்கிறது, எந்தப் பிளக்காலும் அது தீராது. (2007 முதல் வந்த, பாதிச் சிலிண்டரை நிறுத்தி ஓடும் 5.3 எஞ்சின்களில் 1, 7 ஆகிய இரண்டும் இப்படி எண்ணெய் குடிப்பதில் பேர்போனவை. உங்களுடையது அதற்கு முந்தையது.) பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் மிகச் சூடாக ஓடியிருக்கிறது. கம்பி அளவியால் இடைவெளிகளையும் அளந்து எழுதுங்கள். எல்லாம் 0.040 பக்கத்தில் இருந்தால் முந்தைய உரிமையாளர் அண்மையில் மாற்றியிருக்கிறார் என்று பொருள், அப்படியானால் துடைத்து அதையே போட்டு ஓட்டலாம், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 0.050 அல்லது அதற்கு மேல் என்றால் புதியவற்றைப் போடுங்கள், கூடவே காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் எட்டுக் குட்டைக் கம்பிகளையும்.

மாற்றிய பின்னும் மைலேஜ் 15க்குக் கீழேயே நின்றால், எட்டுப் பிளக்கின் நிலை, இரு பக்கத்து எரிபொருள் திருத்த எண்கள், டயர் அளவு, எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்ற விவரங்களோடு மறுபடி கேளுங்கள். அந்த உயரமான முகப்பை மணிக்கு 75 மைலில் காற்றுக்கு எதிரே தள்ளிக்கொண்டு போகிறவர் என்றால், அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இருவருக்கும் நேரம் மிச்சம்.